நீரில் மாற்றமில்லை

தீப்பெட்டி அளவுக் கல் ஒன்று. அதன் மேல் படிந்திருந்த மஞ்சள் பொருக்கு ஒரு போணித் தண்ணீரில் கரைந்து, கழனிப் பானைக்குப் போய், அங்கிருந்து ஒரு பசுவின் வயிற்றுக்குப் போய், பாலாக வெளியே வந்தால், அந்தப் பாலில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கொஞ்சமாவது இருந்திருக்குமா, ஒன்றுமே இல்லாமல் போயிருக்குமா? ஆறு வருஷமாக இதை யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் மோசமில்லை. இதற்கு மட்டும் எனக்கு விடை வருவதில்லை. என் மகளின் முகம் காலையில் உப்பியிருக்கும் நாட்களில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது நாங்கள் திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கீழே, நாலு குடித்தனம் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்றரை வயது. என் கணவருக்குச் சர்க்காரின் கனிமத் தேடல் முகாமில் வேலை. நிரந்தரமான வேலை இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி எழுதிக் கொடுத்தால் தொடரும். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போவார். பாறை உடைத்த இடம், கிணறு தோண்டிய இடம், ஓடை அறுத்த கரை எல்லாம் பார்த்துக் கல் பொறுக்கித் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார். யுரேனியம் எங்கேயாவது கிடைக்கிறதா என்பதுதான் முகாமின் தேட்டம். ஊரில் யாருக்கும் அது புரியவில்லை. தங்கம் தேடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நாங்களும் அதை மறுக்கவில்லை.

கொண்டு வந்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். என் கணவரின் கையெழுத்து அவருக்கே புரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். கல்யாணமான ஆறாம் மாதமே அந்தப் பதிவேடு என் கைக்கு வந்துவிட்டது. முகாமில் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியவள், கொஞ்ச நாளில் நானே பார்த்து எழுதவும் பழகிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நிறம் ஒரு கட்டம். மினுமினுப்பு ஒரு கட்டம், கண்ணாடி மாதிரியா, மெழுகு மாதிரியா, மண் மாதிரியா என்று. பிறகு கீற்று. உடைந்த பீங்கான் கோப்பையின் மழமழப்பில்லாத அடிப்பக்கத்தில் கல்லைத் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் அது. கடினம் பார்ப்பதற்கு முதலில் நகம், பிறகு பழைய செம்புக் காலணா, பிறகு அரிவாள்மனை நுனி. எது கீறுகிறதோ அதை எழுத வேண்டும். நயாபைசா வந்த புதிது அது. செல்லாத காலணாவை எடுத்து வைத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். அதன் பிறகு ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைக்கிறதா, கருநீல விளக்கின் கீழே ஒளிர்கிறதா, கதிர்வீச்சை எண்ணும் கருவி எவ்வளவு வேகமாகத் தட்டுகிறது. இந்த மூன்றும் என் கணவருடைய கட்டங்கள்.

இவற்றுக்கு நடுவில், தமிழில் சொன்னால் 'நீரில்' என்று ஒரு கட்டம் இருந்தது. கல்லை ஒரு பொழுது தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்து எழுத வேண்டியது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 'மாற்றமில்லை'. கல் தண்ணீரில் என்ன மாறும்? அதற்குப் பிறகு புதுப் பக்கத்துக்குக் கோடு போடும்போதே அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை 'மாற்றமில்லை' என்று எழுதி நிரப்பிவிடுவேன். ஒரே சீராக எழுதும்போது எழுத்து அழகாக வரும். பக்கத்தைப் பார்த்து என் கணவர் ஒருமுறை, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் தண்ணீர் எப்படி என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் எந்த வீட்டிலும் எந்தத் தண்ணீரையும் கீழே கொட்டுவதில்லை. அரிசி களைந்தது, காய் கழுவியது, வடித்த கஞ்சி எல்லாம் அடுப்படி ஓரத்துக் கழனிப் பானைக்குப் போகும். சாயங்காலம் நாலு மணிக்கு, தெருக்கோடியில் மாடு வைத்திருந்த பால்காரம்மா வாளியோடு வந்து வீடு வீடாகக் கழனித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போவார். ஐந்து மணிக்கு அதே கையோடு பால் கொண்டு வருவார். கழனி கொடுக்கும் வீட்டுக்குப் பாலில் தண்ணீர் கலப்பதில்லை என்பது அவருடைய நியாயம். நான் கல் கழுவிய தண்ணீரும் அந்தப் பானைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மண்ணில் கிடந்த கல், மண்தானே என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஊறப்போட்ட தோலின் வாடை அவர் சட்டையிலேயே வரும். அந்த அக்கா ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எங்க வீட்டுல தோலை ஊறப் போடுறாக, இந்தத் தங்கச்சி வீட்டுல கல்லை ஊறப் போடுறாக. தோலாச்சும் செருப்பாகும். கல்லு ஊறி என்னத்தம்மா ஆகப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கோடையில் ஒருநாள் என் கணவர் மத்தியானமே வந்துவிட்டார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சிகரெட் டப்பாவை எடுத்தார். அவர் சிகரெட் குடிக்கமாட்டார். எங்கேயோ கேட்டு வாங்கிய காலி டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் அந்தக் கல்.

"சாணார்பட்டிக்கு அங்கிட்டு ஒரு பாழுங்கெணறு," என்றார். குரல் மெதுவாக இருந்தது. "தண்ணி இறங்கிப் போயி உள்சுவரு தெரியுது. சுக்காங்கல்லுக்கும் கரும்பாறைக்கும் நடு இடுக்குல மஞ்சளாப் பூத்துக் கெடக்கு. தோட்டக்காரரு சொல்றாரு, 'மஞ்சக் கெணறுங்கய்யா அது. மாடு அதுல வாய வைக்காது'ன்னு."

நான் பார்த்தேன். சாம்பல் நிறப் பாறைத் துண்டின் ஒரு முகம் முழுவதும் பச்சை கலந்த மஞ்சளில் மெல்லிய பொருக்கு. வெயிலில் பிடித்தால் சர்க்கரைத் தூள் மாதிரி சின்னச் சின்ன மினுக்கு. நகத்தால் கீற விழவில்லை. காலணா கீறியது. கீற்று வெளிறிய மஞ்சள். கையில் கனமே இல்லை. யுரேனியம் உள்ள கல் கறுப்பாக, இரும்பு மாதிரி கனக்கும் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார்.

"அது வேற ஜாதி," என்றார். ஓரத்தில் ஒரு துணுக்கைத் தட்டி எடுத்து வாட்ச் கண்ணாடியில் வைத்து ஒரு சொட்டு ஆசிட் விட்டார். சோடா உடைத்த மாதிரி நுரைத்து, துணுக்கு இல்லாமல் போனது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கார்பனேட்டு! நம்ம சுண்ணாம்புக் கல்லு இருக்குல்ல, அதுக்கு ஒறவு."

பிறகு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். இந்த உலோகம் தனியாக இருப்பதில்லை, எதோடு சேர்ந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் அதற்குக் குடும்பம் பிரிப்பார்கள். ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்தால் அந்தக் கறுப்புக் கனத்த கல். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் காக்காய்ப்பொன் மாதிரி ஏடு ஏடான மஞ்சள், பச்சை. சிலிக்கேட்டோடு ஒரு கூட்டம். கார்பனேட்டோடு சேர்ந்தது சின்னக் குடும்பம், அதில் சில பேர்தான். அதிலும் சுண்ணாம்புச் சத்தையும் தண்ணீரையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும் வகை இது என்று அவர் ஊகித்தார். புத்தகத்தில் அதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை.

"ஏங்க, ஏன் இது மட்டும் அம்புட்டு அரிதா இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல. நாளைக்கு வடக்கேருந்து பெரிய ஆபீசர் வாராரு. அவர்ட்ட கேக்கணும். இதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் எடுத்ததில்ல. இந்த ஒண்ணு போதும் தெரியுமா, வேலை நிரந்தரம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் போவாரு."

சமையலறைக் கதவை அடைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டோம். நான் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தேன். அவர் முகாமிலிருந்து கொண்டு வந்த கருநீல விளக்கைக் கல்லின் மேல் பிடித்தார். பட்டப்பகலில், என் அடுப்படியில், அந்தக் கல் பச்சையாக எரிந்தது. நெருப்பு என்று சொல்ல முடியாது, சூடு இல்லை. ஆனால் ஏதோ விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் விளக்கை எடுத்ததும் அது மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"பூ," என்றாள் குழந்தை. கையை நீட்டினாள். அவளுக்கு அப்போது தெரிந்த ஏழெட்டுச் சொற்களில் அது ஒன்று.

நான் ஓரடி பின்னால் வந்தேன். ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். "பயப்படாத. இம்புட்டூண்டு கல்லு என்ன பண்ணும்?"

மறுநாள் காலையில் அவர் ஆபீசரை அழைத்துவரப் புகைவண்டி நிலையத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "எல்லாக் கல்லையும் சுத்தமா எடுத்து வச்சு லேபிள் ஒட்டிரு. ஒண்ணுல கூட மண்ணு இருக்கக் கூடாது. ஆபீசரு வெள்ளைக் கைக்குட்டையில தொட்டுப் பாக்குற ஆளாம்," என்றார்.

அவர் 'எல்லாக் கல்லையும்' என்றுதான் சொன்னார். நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் சொன்னது அவர், கழுவியது நான்.

மொத்தம் பதினொரு கற்கள். தூசி இருந்தால் பசை பிடிக்காது என்பதால் முன்பெல்லாம் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். பித்தளைப் போணியில் தண்ணீர் எடுத்து, எல்லாவற்றையும் மொத்தமாக ஊறப் போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன். மஞ்சள் கல்லைத் தனியாக வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முக்கியமான கல்லாயிற்றே, அதில்தான் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று அதையும் போட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டி, தூங்கவைத்து வந்து, தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. செம்மண், சுக்கான் மண் எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும். கழனிப் பானையில் ஊற்றினேன். அன்று வடித்த கஞ்சியும் அதில் இருந்தது.

நாலு மணிக்குப் பால்காரம்மா வந்தார். பானையைச் சாய்த்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, இன்னைக்குக் கழனி மஞ்சளா இருக்கு? பருப்புத் தண்ணியா?"

"இல்லக்கா, கல்லு கழுவுனது."

"ஆத்தாடி! இம்புட்டுத் தண்ணிப் பஞ்சத்துலயும் உங்க வீட்டுல கல்லுக்குக் குளுப்பாட்டு நடக்குது. புள்ளையக் குளுப்பாட்டுனீகளா, இல்ல கல்லுக்கு மட்டுந்தானா?"

"புள்ளைக்கும்தான்க்கா."

"நல்லாருக்கு போங்க. எம் மாட்டுக்கு என்ன, கஞ்சி வாசம் அடிச்சாப் போதும், கல்லையும் சேத்துக் குடிச்சுப்புடும்."

அவர் போன பிறகு, முறத்தில் காயவைத்த கற்களுக்கு லேபிள் ஒட்ட உட்கார்ந்தேன். பத்து லேபிள் ஒட்டினேன். பதினொன்றாவது லேபிள் கையில் இருந்தது. மஞ்சள் கல்லைக் காணவில்லை.

முறத்துக்கு அடியில் பார்த்தேன், போணிக்குள் பார்த்தேன், குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். பிறகு கற்களை எண்ணினேன். பதினொன்று இருந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த கல் வெறும் சாம்பல் நிறத்தில், தெருவில் கிடக்கும் ஜல்லி மாதிரி இருந்தது. திருப்பினேன். மறுபடி திருப்பினேன். இடுக்குகளில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது.

அவருடைய புத்தகத்தை எடுத்து, அவர் காகிதம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தேன். நிறம், மினுமினுப்பு, கடினம் எல்லாம் நான் எழுதியதைப் போலவே இருந்தது. கீழே, அவர் கண்ணில் படாமல் போன ஒரு சின்ன வரி. நீரில் கரையும். அதற்கு அடுத்த வரியில், மழையில்லாத இடங்களிலும் மூடிய சுவர்களிலும் மட்டுமே தங்கும் என்று இருந்தது. அது ஏன் அரிது என்று அவர் ஆபீசரிடம் கேட்க நினைத்தார். அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், உண்மையில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தேன். தெருவில் பெண்கள் ஓடமாட்டார்கள். ஓடியிருந்தால் ஒருவேளை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். நான் போனபோது பசு கல்தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. தொட்டி துடைத்த மாதிரி இருந்தது.

பால்காரம்மா மடியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன தாயி, இம்புட்டுத் தூரம்? பாலு பத்தலையா?"

என்ன சொல்வது? உங்கள் மாட்டுக்கு நான் என்ன கொடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும் பாலை நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். என் கணவருக்கும் தெரிந்துவிடும். இது எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமாக்கா. நாளையிலருந்து ஒரு ஆழாக்கு சேத்து ஊத்துங்க."

"அதுக்கா இப்படி மூச்சு வாங்க வந்தீக? அதுக்கென்ன, இன்னைக்கே ஊத்துறேன்."

அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு ஆழாக்கு அதிகமாகப் பால் வந்தது. நான் அதை மூன்று பொங்கு பொங்கவிட்டேன். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், உப்பு எங்கேயும் போகாது என்று படித்தவள்தான். ஆனாலும் பொங்கவிட்டேன். குழந்தைக்குக் கொடுக்காமல் பாத்திரத்தை உறியில் ஏற்றினேன். அவள் உறியைப் பார்த்து அழத் தொடங்கினாள். என் கணவர் வந்தார். ஆபீசருக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, சந்தோஷத்தோடு வந்தவர், "பால வச்சுக்கிட்டு ஏன் புள்ளைய அழ விடுற?" என்று அவரே இறக்கி ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய மேலுதட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை என் முந்தானையால் துடைத்தேன். அந்த நிமிஷத்தில்கூட நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த மூன்று நாள் பாலைத் தெரியாமல் கொட்டிவிட்டுக் குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தேன். நாலாம் நாள் அவள் துவண்டு போயிருந்தாள். மறுபடி பால் கொடுத்தேன். எது சரி, எது தப்பு என்று அன்றும் தெரியவில்லை.

நான் கற்களைக் கழுவிய மறுநாளே, கட்டிவைத்ததைப் பிரிக்காமல் என் கணவர் முகாமுக்கு எடுத்துப்போக, ஆபீசர் பார்த்தார். விளக்கு பிடித்தார்கள், கல் விழிக்கவில்லை. எண்ணும் கருவி மற்றக் கற்களுக்குத் தட்டிய மாதிரியே சோம்பலாகத் தட்டியது. பதிவேட்டில் பச்சை ஒளி, நுரை, மஞ்சள் என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது. 'நீரில்' என்ற கட்டத்தில் 'மாற்றமில்லை' என்றிருந்தது. ஆபீசர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துவிட்டு, இந்தக் குடும்பத்துக் கல்லுக்கு இப்படி ஒருவன் எழுதினால் அவன் கல்லையே பார்த்ததில்லை என்று அர்த்தம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். என் கணவர் அவரைச் சாணார்பட்டிக்குப் பக்கத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். முந்தின நாள் அங்கே இடியோடு கோடை மழை பெய்திருந்தது. சுவர் கழுவின மாதிரி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்தவர் பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்தார். பிறகு கேட்டார்: "நான் பாத்தேன்ல? நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேங்க."

"பச்சையா எரிஞ்சுச்சுல்ல?"

"எரிஞ்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவர் அந்தக் கல்லை முற்றத்தில் விட்டெறிந்தார். வருஷக் கடைசியில் வேலை தொடரவில்லை. இப்போது திண்டுக்கல்லிலேயே ஒரு கமிஷன் மண்டியில் குமாஸ்தாவாக இருக்கிறார். கல்லைப் பற்றி அவர் பேசுவதில்லை. தெருவில் ஜல்லிக் குவியலைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகும்.

இரண்டு மாதம் கழித்துப் பால்காரம்மாவின் பசு கன்று வீசிவிட்டது. யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று அவர் மண்ணை வாரித் தூற்றினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தோல் ஷாப்புத் தண்ணி போற ஓடைப் பக்கம் மேய விட்டா இப்படித்தான். எங்க சின்னம்மா மாடும் வீசுச்சு," என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாட்டின் கன்று செத்ததற்கு இன்னொரு காரணம் கிடைத்ததில் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதி இரண்டு நாள் இருந்தது.

மகள் நன்றாகத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள், பாட்டுப் பாடினாள். சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை அவள் எழுந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் வடிந்துவிட்டது. மறுநாளும் வீங்கியது. கொஞ்ச நாளில் செருப்புப் பட்டை காலில் பதிந்த தடம் சாயங்காலம்வரை போகவில்லை. உள்ளூர் டாக்டர் அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்கில் காட்டினார். ஒரு சொட்டு ஆசிட் விட்டார். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பழக்கமான வேலைதானே, ஒரு சொட்டு விட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது.

"கிட்னியில கோளாறு," என்றார். "சின்ன வயசுல நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா? பஸ்பம், செந்தூரம் அந்த மாதிரி?"

"இல்லைங்க டாக்டர். ஏன் கேக்குறீங்க?"

"உலோக உப்பு உடம்புல சேந்தா அது மொதல்ல கிட்னியத்தான் பிடிக்கும். அதான் கேக்குறேன். ஆனா ஒண்ணும் குடுக்காத புள்ளைகளுக்கும் வருது. தொண்டைப் புண்ணு வந்து அதுக்கப்புறமும் வரும்."

தொண்டைப் புண் அவளுக்கு வந்ததுண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான். அதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. என் கணவர் பக்கத்து நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரைப்பரீட்சை முடிந்ததும் அவளை மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். பிறந்ததிலிருந்து என்ன நோய் வந்தது, என்ன சாப்பிட்டாள், என்ன மருந்து கொடுத்தோம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் எழுதுகிறேன். கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறேன். அம்மை, கக்குவான், தொண்டைப் புண், விளக்கெண்ணெய், பிள்ளை மருந்து எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. என் கணவர் நேற்று அந்தத் தாளைப் பார்த்து, "இது என்னத்துக்கு விட்டிருக்க?" என்று கேட்டார். மறந்தது ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுத என்று சொன்னேன்.

அவர் எறிந்த கல் என்னிடம்தான் இருக்கிறது. மறுநாளே முற்றத்திலிருந்து எடுத்து, என் சீர்ப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி வைத்துப் பூட்டினேன். எங்கள் ஊர்ப் பூட்டு, வேறு சாவிக்குத் திறக்காது. சில நாள் பெட்டியைத் திறந்து இடுக்கைப் பார்ப்பேன். அந்த ஊசிமுனை மஞ்சள் இன்னும் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் வைத்தியம் படித்தவர்கள் இருப்பீர்கள், ரசாயனம் படித்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். அவ்வளவு சின்னக் கல், அவ்வளவு பெரிய மாடு, ஒரே ஒரு டம்ளர் பால், நடுவில் ஆறு வருஷம். இதில் பயப்பட ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். இல்லை என்று நீங்கள் சொன்னால், அந்த வரியைக் காலியாகவே விட்டுவிடலாமா? விட்டுவிட்டால், உலோகம் என்று தெரியாமலே டாக்டர் வேறு வைத்தியம் செய்துவிடுவாரா? எழுதினால் என் கணவர் அதை மதுரைக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்துவிடுவார். நான் எழுதுவதையெல்லாம் அவர் இன்றும் ஒருமுறை வாசித்துத்தான் மடிப்பார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டுமா, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டுமா? கல்லையும் எடுத்துக்கொண்டு போகட்டுமா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மகளின் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.